ஒரு காலி அறை போதும்... வீட்டிலேயே ஓவிய அறை ரெடி!

பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் பல வீடுகளில் ஒருவராவது இருப்பார். கல்யாணம், வேலை, குழந்தைகள் என்று 20, 30 வருடங்கள் ஓடிய பிறகு ஒருநாள் மறுபடியும் பிரஷ்ஷைக் கையில் எடுப்பார். வீடியோ பார்த்து ஒரு தாமரை, ஒரு கோபுரம் என்று ஆசையாக ஆரம்பிப்பார். நான்கைந்து வாரங்களில் அது அப்படியே நின்றுபோகும். ஏன் என்று கேட்டால், "எங்க, நேரமே இல்லை" என்பதுதான் பதில்.

பெரும்பாலும் அந்த நேரத்தைத் தின்பது வரைகிற வேலை கிடையாது, எடுத்து வைக்கிற வேலைதான். டைனிங் டேபிளில் பேப்பர் விரித்து, தண்ணீர் வைத்து, வண்ணம் குழைத்து உட்காரும்போதே குக்கர் விசில் அடிக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் துடைத்து, மூடி, பீரோவுக்கு மேலே ஏற்ற வேண்டும். மறுநாள் திரும்பவும் இறக்க வேண்டும். மூன்றாவது நாள் அலுப்புத் தட்டிவிடும். பாதியில் நிற்கும் படத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக ஓர் இடம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஓவிய அறைக்கு முதல் தேவை அதுதான். மற்ற வசதிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

காலி அறை உண்மையில் காலியா?

நம் வீடுகளில் 'சும்மா கிடக்கும் ரூம்' என்று சொல்லப்படுவது ஒருபோதும் சும்மா கிடப்பதில்லை. ஸ்பேர் காஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர், கொலு பொம்மைப் பெட்டிகள், பழைய டிவி வந்த அட்டைப்பெட்டி, வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் காலேஜ் புத்தகங்கள் என்று அது நிறைந்துதான் இருக்கும். எனவே முதல் ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் கடைக்குப் போக வேண்டாம். அறையைக் காலி செய்வதற்கே அந்த நாள் சரியாக இருக்கும்.

சாமான்களை மூன்றாகப் பிரித்தால் வேலை சுலபம். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எடுப்பவை பரணுக்குப் போகட்டும். இரண்டு வருடமாக யாரும் தொடாதவை வீட்டைவிட்டே போகட்டும். மூன்றாவது வகை, பிள்ளைகளின் பொருட்கள். இதில் மட்டும் அவசரம் கூடாது. பரிசுக் கோப்பைகளையும் புத்தகங்களையும் போட்டோ எடுத்து அனுப்பி, "இதுல எது வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். பிள்ளை இல்லாத நேரத்தில் அவன் அறையை அம்மா எடுத்துக்கொண்டார் என்ற மனக்கசப்பு வராது. பல வீடுகளில், "எல்லாத்தையும் எடுத்துப் போட்டுடுங்கம்மா" என்ற பதில் உடனே வந்துவிடும். போட மனசு வராமல் தவிப்பது அம்மாதான். ஒரே ஒரு பெட்டியை மட்டும் அவன் பெயர் எழுதிப் பரணில் வைத்துக்கொள்ளலாம்.

வெளிச்சம்: வடக்கு ஜன்னலில் ஒரு விஷயம் இருக்கிறது

ஓவிய அறைக்கு வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். ஐரோப்பாவில் சூரியன் வருடம் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே உச்சிக்கு வருவதால், வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் நேரடி வெயில் விழாமல், மாறாத மென்மையான வெளிச்சம் கிடைக்கும். அதனால் வந்த விதி இது.

தமிழ்நாட்டுக்கு இது பாதிதான் பொருந்தும். சென்னையில் ஏறக்குறைய ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். கன்னியாகுமரியில் இது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை நீடிக்கும். போதாக்குறைக்கு, மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும். கேன்வாஸில் பளீரென்று ஒரு வெயில் பட்டை விழுந்தால் அதன் பக்கத்தில் இருக்கிற எந்த நிறமும் சரியாகத் தெரியாது.

தீர்வு சுலபமானது. பழைய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் திரைச்சீலையாகக் கட்டினாலே வெயில் வடிகட்டப்பட்டு வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். கிழக்கு ஜன்னல் உள்ள அறையில் மதியத்துக்கு மேலும், மேற்கு ஜன்னல் உள்ள அறையில் காலையிலும் வரையலாம். வண்ணத் திரைச்சீலை மட்டும் வேண்டாம். பச்சைத் திரை வழியே வரும் வெளிச்சம் வெள்ளைத் தாளையும் பச்சையாக்கிவிடும்.

வலது கையால் வரைபவருக்கு ஜன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையின் நிழலே படத்தின் மேல் விழும். இடது கைக்காரருக்கு இது அப்படியே மாறும்.

வீட்டு வேலையெல்லாம் முடிந்து ராத்திரி 9 மணிக்கு மேல்தான் வரைய உட்கார முடியும் என்பவர்களுக்கு விளக்குதான் எல்லாமே. எல்இடி பல்பு வாங்கும்போது வாட்ஸ் மட்டும் பார்க்காமல் அட்டையில் இரண்டு எண்களைத் தேட வேண்டும். ஒன்று 'சிஆர்ஐ'. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு இது. அதிகபட்சம் 100. சாதாரண பல்புகளில் 80 அளவில் இருக்கும்; ஓவியத்துக்கு 90க்கு மேல் தேவை. இன்னொன்று, 'கே' என்ற எழுத்தோடு இருக்கும் கெல்வின் எண். 3,000 என்றால் மஞ்சள், 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. 5,000 பக்கம் இருப்பது நடுநிலையானது. மஞ்சள் விளக்கில் தீட்டிய படத்தைக் காலையில் பார்த்து, "இது நான் போட்ட கலரே இல்லையே" என்று திகைப்பது இதனால்தான்.

காற்று: இங்கேதான் கவனம் தேவை

வாட்டர் கலர், அக்ரிலிக் இரண்டுக்கும் தண்ணீர் போதும். ஜன்னலைத் திறந்து வைத்தால் சரி. ஆயில் பெயின்டிங் என்றால் கதை வேறு. வண்ணத்தை இளக்கவும் பிரஷ் கழுவவும் பயன்படும் டர்பன்டைன் எளிதில் ஆவியாகும், எளிதில் தீப்பிடிக்கும். அந்த ஆவியை அடைத்த அறையில் தொடர்ந்து சுவாசித்தால் தலைவலியும் மயக்கமும் வரும்.

அதனால்தான் ஸ்பேர் சிலிண்டர் இந்த அறையில் இருக்கவே கூடாது. பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் ஆகாது. இன்வெர்ட்டரையும் வெளியே மாற்ற வேண்டும். அதனுடைய லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதுவும் தீப்பிடிக்கக்கூடியது.

"ஏசி போட்டிருக்கிறோமே" என்று ஜன்னலை மூடிவிடுவது பலர் செய்யும் தவறு. ஸ்ப்ளிட் ஏசி, அறைக்குள் இருக்கும் காற்றையேதான் குளிரவைத்துச் சுழற்றும். வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. ஜன்னலில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, எதிர்ப்பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அறைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான், அதையும் திறக்க முடியாது என்றால் ஆயில் பெயின்டிங்கை அங்கே தவிர்த்துவிட்டு அக்ரிலிக்குக்கு மாறுவதே நல்லது.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. ஆயில் கலரில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய், காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் காய்கிறது. அப்போது வெப்பம் உண்டாகும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளக்கூடும். வேலை முடிந்ததும் அந்தத் துணிகளை வெளியே ஒற்றையாக விரித்துக் காயவைக்க வேண்டும். அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

சுவர், தரை, தண்ணீர்

சுவருக்கு வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் போதும். ரோஸ், பச்சை என்று அடர் நிறம் அடித்த சுவர், தன் நிறத்தைக் கேன்வாஸ் மேல் பிரதிபலிக்கும். வாடகை வீட்டில் பெயின்ட் மாற்ற முடியாது என்பவர்கள் ஈஸலுக்குப் பின்னாலும் பக்கத்திலும் மட்டும் வெள்ளை பெட்ஷீட் ஒன்றைத் தொங்கவிடலாம்.

தரையில் டைல்ஸாக இருந்தாலும் அக்ரிலிக் சொட்டி, டைல்ஸ் இடுக்கில் இறங்கிவிட்டால் போகாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பி விரித்தால் நல்ல தரைவிரிப்பு ஆகும். ஈரம் பட்டால் வழுக்கும் என்பதால், நிற்கிற இடத்தில் ஒரு தேங்காய் நார் மிதியடி போட்டுக்கொள்வது பாதுகாப்பு.

அறைக்குள் குழாய் இல்லாவிட்டால் கவலை இல்லை. இரண்டு வாளி போதும். பிரஷ்ஷை முதலில் பழைய செய்தித்தாளில் துடைத்து, முதல் வாளியில் அலசி, இரண்டாவதில் சுத்தம் செய்யலாம். அந்த அக்ரிலிக் தண்ணீரை அப்படியே சிங்க்கில் ஊற்றினால் வண்ணம் குழாயில் படிந்து நாளடைவில் அடைத்துக்கொள்ளும். ஓர் இரவு அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய விழுதைப் பேப்பரில் வழித்துக் குப்பையில் போடலாம். டர்பன்டைனைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றவே கூடாது. கண்ணாடி பாட்டிலில் மூடி வைத்தால் வண்ணம் அடியில் தங்கிவிடும். மேலே இருப்பதை மறுபடியும் பிரஷ் கழுவப் பயன்படுத்தலாம்.

மேஜையா, ஈஸலா, தரையா?

ஈஸல் வாங்கினால்தான் ஓவியர் என்பதில்லை. என்ன வரைகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யலாம். வாட்டர் கலருக்குச் சாய்வான பலகையோ மேஜையோ வேண்டும். ஈஸல் தேவைப்படுவது பெரிய கேன்வாஸுக்குத்தான்.

தஞ்சாவூர் ஓவியம் போடுபவர்கள் தரையில் சம்மணமிட்டு, தாழ்ந்த மணையில் பலகையைப் படுக்கவைத்து வேலை செய்யலாம். அவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சாக்பவுடரும் கோந்தும் பூசிக் காய்ந்த பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கிளம்பும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டைமாடியிலோ பால்கனியிலோ தேய்க்க வேண்டும். அடுத்து, தங்க ரேக் ஒட்டும்போது ஃபேன் ஓடக் கூடாது. லேசான காற்றுக்கே ரேக் பறந்துவிடும். புழுக்கம் இல்லாத விடியற்காலையை அந்த வேலைக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

10 அடிக்கு 10 அடி அறை தாராளம். படத்திலிருந்து ஐந்தாறு அடி பின்னால் நகர்ந்து பார்க்க முடிந்தால் போதும். அதற்கும் இடமில்லையா? ஈஸலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டுங்கள். கண்ணாடிக்குள் படம் இரண்டு மடங்கு தூரத்தில், இடம் வலம் மாறித் தெரியும். நேரில் பிடிபடாத கோணல் மூக்கும் ஏறி இறங்கிய கண்களும் கண்ணாடியில் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும்.

அலமாரிக்குச் செலவு செய்யும் முன் வீட்டுக்குள் தேடுங்கள். மடக்குகிற கொலுப் படி இருந்தால் வண்ண டப்பாக்களை அடுக்க அதைவிட வசதியான ஸ்டாண்ட் கிடையாது. நவராத்திரி ஒன்பது நாளைக்கு மட்டும் பொம்மைகளுக்கு விட்டுக்கொடுத்தால் போதும். துணி காயவைக்கும் ஸ்டாண்டில் கிளிப் போட்டு வாட்டர் கலர் தாள்களை உலர்த்தலாம். சுவரில் ஆணி அடிக்க வீட்டு உரிமையாளர் விடமாட்டார் என்ற பிரச்னையும் இல்லை. செலவு செய்ய வேண்டிய வரிசை இதுதான்: முதலில் நல்ல விளக்கு, அடுத்து முதுகு வலிக்காத நாற்காலி, பிறகு நல்ல பிரஷ். ஈஸலுக்கு அவசரமில்லை.

வெயிலும் மழையும்

கோடையில் ஃபேனுக்குக் கீழே அக்ரிலிக் குழைத்தால் சில நிமிடங்களில் தோல் கட்டிவிடும். தட்டில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்து, அதில் வண்ணத்தைப் பிழிந்தால் நெடுநேரம் இளகியே இருக்கும். தண்ணீர் ஸ்பிரே பாட்டில் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். ஆயில் கலர் இதற்கு நேர்மாறு. தொட்டால் ஒட்டாமல் இருப்பதற்கே பல நாட்கள் ஆகும், கனமாகப் பூசியிருந்தால் வாரக்கணக்கிலும் ஆகும். அதுவரை யாருடைய முழங்கையும் படாத உயரத்தில் ஒரு பலகை தேவை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தாளும் கேன்வாஸும் பூஞ்சை பிடிக்கும். கேன்வாஸ்களை வெளிச்சுவரில் ஒட்டிச் சாய்க்காமல், இடைவெளி விட்டு, செங்கல் மேல் நிறுத்தினால் ஈரமும் ஏறாது, கரையானும் எளிதில் ஏறாது. தாள்களைப் பிளாஸ்டிக் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு படுக்கையாக வைக்கலாம். பூச்சிக்கு வசம்பு போடலாம். ஓலைச்சுவடிகளைக் காப்பாற்ற நம்மவர்கள் பயன்படுத்திய பொருள்தான் அது.

பிள்ளைகள் உள்ள வீட்டில்

காட்மியம், கோபால்ட், ஈயம் கலந்த வண்ணங்கள் ஆயில் கலர்களில் உண்டு. டியூபில் பெயரைப் படித்து வாங்க வேண்டும். நுனியைக் கூராக்கப் பிரஷ்ஷை வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிட வேண்டும். காபி டம்ளர் அந்த அறைக்குள் வரக் கூடாது. வண்ணத் தண்ணீரில் பிரஷ்ஷை முக்க வேண்டியவர் காபியில் முக்கியதும், காபி என்று நினைத்து வண்ணத் தண்ணீரைக் குடித்ததும் வரைகிற வீடுகளில் நடக்கிற கதைதான்.

பேரப்பிள்ளைகள் வருவார்கள் என்றால் டர்பன்டைனும் ஆயில் கலரும் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் டர்பன்டைனை ஊற்றி வைப்பது மிகப் பெரிய ஆபத்து. குழந்தைகளுக்குத் தாழ்வாக ஒரு மூலை, நச்சில்லாத வண்ணம், பெரிய தாள் கொடுத்துவிட்டால் அவர்களும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

அறையே இல்லாதவர்கள்?

மெக்ஸிகோவின் ஃப்ரிடா காலோ 18 வயதில், 1925-ல் பேருந்து விபத்தில் சிக்கிப் படுத்த படுக்கையானார். படுத்தபடியே வரைய அவருடைய அம்மா தனி ஈஸல் செய்வித்தார். கட்டிலின் மேற்கூரையில் கண்ணாடி ஒன்றும் பொருத்தப்பட்டது. தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர் வரைந்த படங்கள் உலகப் புகழ் பெற்றன.

நம் சென்னையிலும் ஓர் உதாரணம் உண்டு. ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பாத்திக் போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் அதற்குப் பணம் சேர்த்தார்கள். குடியிருக்கும் இடமும் வரையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அத்தனை உழைப்பு.

தனி அறை இல்லாதவர்கள் பால்கனி ஓரத்தையோ படிக்கட்டுக்குக் கீழ் உள்ள இடத்தையோ எடுத்துக்கொள்ளலாம். சக்கரம் வைத்த மூன்றடுக்கு டிராலியில் எல்லாவற்றையும் அடுக்கி, பாதிப் படத்தைப் பலகையோடு சுவரில் சாய்த்துவைக்க இரண்டடி இடம் இருந்தாலே போதுமானது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அறையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிற வீட்டுக்கும் இதே டிராலி கைகொடுக்கும். அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்றே அது திரும்ப உள்ளே வந்துவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்த இடத்தில் அரிசி மூட்டை உட்கார்ந்துவிடும்.

அறைக்கு ஒரு பெயர்

நம் வீடுகளில் அறைகளுக்கு ஆட்களின் பெயர்தான். தாத்தா ரூம், தம்பி ரூம் என்போம். தாத்தா போய்ப் பல வருடங்கள் ஆனாலும் அது தாத்தா ரூம்தான். சமையலறையைத் தவிர அம்மாவின் பெயரில் ஓர் இடம் இருப்பது அபூர்வம். அதனால், எவ்வளவு செலவு செய்து ஓவிய அறை அமைத்தாலும் "அந்த ஸ்டோர் ரூம்ல வைங்க" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும்வரை பொருட்கள் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

எனவே அறை தயாரானதும், "அம்மா வரையுற ரூம்" என்றே எல்லோரும் கூப்பிடப் பழகட்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஒரு விதியைச் சொல்லி வைத்தால் போதும்: அங்கே பாதியில் நிற்கும் படத்தை, அழகுபடுத்துகிறேன் என்றுகூட யாரும் நகர்த்தக் கூடாது. வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றாலும் பரவாயில்லை. நேற்று விட்ட இடத்தில் பிரஷ் காத்திருந்தால், அந்த அரை மணி நேரம் முழுவதும் வரைவதற்கே!